குழாயின் மறுமுனை

தொலைபேசி அடித்தபோது சியூயினின் வலது கண் ஒரு பித்தளைக் குழாயின் முனையில் இருந்தது. முழங்கை நீளமுள்ள குழாய். மறுமுனையைக் குழல்விளக்குக்கு நேராகப் பிடித்திருந்தாள். உள்ளே வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது. வட்டத்தின் உச்சியில் அரிசிமுனை அளவுக்கு ஒரு ரப்பர் மேடு. அது சரியாக நடு உச்சியில் இருந்தால், பிளாஸ்டிக் குண்டு அதில் உரசிப் பின்னோக்கிச் சுழன்று, தொய்யாமல் நேராகப் போகும். மயிரிழை சாய்ந்தாலும் குண்டு ஒரு பக்கமாக வளைந்துவிடும். இதை அளக்க அவளிடம் கருவி எதுவும் கிடையாது. கண்தான்.

இந்த மேடு சாய்ந்திருந்தது. பசையும் வைக்கப்படவில்லை. மகன் யான்ஸே கட்டிய துப்பாக்கி அது. ராணுவத்தில் கொடுப்பதன் அச்சு அசலான மாதிரி. வெடிமருந்துக்குப் பதிலாக வாயு, அவ்வளவுதான் வித்தியாசம். கட்டாயச் சேவைக்கு அழைப்பு வருமுன்பே, "அங்க போய் முழிச்சுட்டு நிக்கக் கூடாதுல்ல" என்று சொல்லி அவனை ஆரம்பிக்க வைத்தவள் அவள்தான். பின்கட்டைக்குள் ஈயம் வைத்து அசல் எடைக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். மற்றதெல்லாம் தானே பார்த்துக்கொள்வதாக அவன் சொன்னான். முடித்துவிட்டுத்தான் போனான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். முதல் விடுப்பில் வரும்போது சுட்டுப் பார்க்கத் தயாராக இருக்கட்டும் என்று இன்று எடுத்துப் பிரித்தபோதுதான் அரைகுறையாக நிற்பது தெரிந்தது.

பிரிப்பதற்கு அந்தப் பட்டறையில் ஒரு முறை இருந்தது. முதலில் மேகசினை, வாயுவும் குண்டுகளும் அடைத்த அடிப்பெட்டியை, கழற்ற வேண்டும். பிறகு உடலை இரண்டாகத் திறந்து, போல்ட்டை உருவி மேசைமேல் வைக்க வேண்டும். போல்ட் என்பது குழாயின் பின்வாயை அடைத்துக்கொண்டு நிற்கும் இரும்பு. அது வெளியே வந்த பிறகுதான் யாரும் குழாயில் கண் வைக்கலாம். பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சியூயின் வணக்கம் சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொல்வாள். மற்றபடி அதிகம் பேச மாட்டாள்.

"மேகசினையும் பாரு உன் மகன் வெச்சிருக்கற லட்சணத்த," என்றான் தம்பி ஸோங்யி. கடைசல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாயு டப்பாவைத் தலைகீழாக மேகசினில் அழுத்திக்கொண்டிருந்தான். நிரப்ப நிரப்ப அடிப்பக்கம் வழியாக வாயு சீறி வெளியேறியது. "ஒரு சொட்டு மிச்சம் விடாம காலி பண்ணிட்டுப் போயிருக்கான். எல்லா மேகசினும் இப்படித்தான். வாயு இல்லாம ரப்பர் வளையம் அத்தனையும் காஞ்சு கருவாடா கிடக்கு. நாளைக்கு எடுக்கப் போறவன் கொஞ்சம் வாயு விட்டு வெக்கணும்னு நடக்கத் தெரிஞ்ச நாள்லேருந்து சொல்லிக் குடுத்தோமே?"

"அவசரத்துல மறந்திருப்பான்."

"என்ன அவசரம்? உட்கார்ந்து ஒவ்வொண்ணா காலி பண்ணிருக்கான். அது சரி, அவனோட நல்ல ஸ்க்ரூடிரைவர் பெட்டியை எனக்குக் குடுத்துட்டுப் போனானே, சொன்னேனா? ராணுவத்துக்குப் போனா புத்தி வரும்பாங்க. இவனுக்குப் போறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு." வெற்றிலைப்பாக்குக் கறைப் பல்லைக் காட்டிச் சிரித்தான். பிறகு அடித்துக்கொண்டிருந்த தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்து, முகம் மாறாமல் அவளிடம் நீட்டினான். "அக்கா, உனக்குத்தான். முகாம்லேருந்து."

"லியாவ் யான்ஸேயோட அம்மாதானே பேசறது? நான் அவன் பிரிவுல பசங்களோட மனநலத்தப் பாத்துக்கற அதிகாரி, ஜுவோ. பதறாதீங்க. பையன் நல்லா இருக்கான்."

பதறாதீங்க என்ற சொல்லைக் கேட்டதும் அவள் குழாயை மேசைமேல் வைத்தாள். அது உருண்டு ஓடாமலிருக்கக் கையால் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி மெல்லச் சுற்றி வந்தார். வீட்டில் நன்றாகச் சாப்பிடுவானா. தூங்குவானா. பெண் சிநேகிதம் ஏதாவது. அப்பா எங்கே. வியட்நாமில் தொழிற்சாலை வேலை, அங்கேயே இருந்துவிட்டார் என்றாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போன வாரம் ஆயுதம் துடைக்கிற நேரத்துல கூட இருக்கற பையன் ஒருத்தன் பாத்திருக்கான். யான்ஸே அவனோட துப்பாக்கிக் குழாய்ல கண்ணை வெச்சு உள்ள பாத்துட்டே இருந்தானாம். ரொம்ப நேரம். கூப்பிட்டதுக்கும் திரும்பலயாம். இந்த மாதிரி விஷயத்தை நாங்க லேசா எடுத்துக்க முடியாது, லியாவ் அம்மா. நீங்க புரிஞ்சுப்பீங்க."

சியூயின் சிரித்துவிட்டாள். நெஞ்சுக்குள் ஏறி நின்றிருந்த ஏதோ ஒன்று சட்டென்று இறங்கிய சிரிப்பு அது. அதிகாரியிடம் இப்படிச் சிரிக்கக் கூடாது என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

"சார், அது நான் பண்ணின வேலை," என்றாள். "நாங்க வாயுத் துப்பாக்கி கட்டற ஆளுங்க. குழாய்க்குள்ள ரப்பர் ஒண்ணு இருக்கும், அது நேரா இருக்கான்னு கண்ணை வெச்சுத்தான் பாக்கணும். அவன் மேசை உயரம் வளந்ததுலேருந்து பாக்கறான். நீங்க ஃபோன் பண்ணும்போது நானே அதத்தான் பாத்துட்டு இருந்தேன். எந்தக் குழாயப் பாத்தாலும் கண்ணு தானாப் போகும் எங்களுக்கு. குடை வாங்கப் போனாக்கூட அவன் கம்பிக்குள்ள பாப்பான்."

மறுமுனையில் அவரும் சிரித்தார். இளவயதுக்காரரின் சிரிப்பு. "அவன் இதச் சொல்லவே இல்லயே. கேட்டா சும்மா பாத்தேன்னான்."

"அவன் எப்ப எதச் சொன்னான்? என்ன மாதிரி."

யான்ஸேயிடமிருந்து துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டதாக அதிகாரி சொன்னார். சமையற்கட்டில் தட்டு கழுவும் வேலை கொடுத்திருந்தார்கள். தூங்கும்போதும் கழிவறைக்குப் போகும்போதும் ஒரு பையன் கூடவே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வரும் நாள். அன்று அவள் வந்து இதை நேரில் விளக்கினால் பிரிவுத் தலைவரிடம் சொல்வதற்குச் சௌகரியமாக இருக்கும் என்றார்.

"கண்ணை வெச்சுப் பாத்ததுக்கே காவல்னா, நம்ம சந்துல இருக்கற அத்தனை பேரையும் கட்டிப் போடணும்," என்றான் ஸோங்யி, அவள் தொலைபேசியை வைத்ததும். "அவன்கிட்டச் சொல்லு, அடுத்த வாட்டி மாமாவோட மூக்குக்குள்ள பாக்கச் சொல்லு. அங்கயும் ஒரு மேடு இருக்கு."

அவள் குழாயைத் திரும்ப எடுத்து ரப்பரைச் சரிசெய்தாள். தகரக் கூரையின் கீழ் தைப்பிங் ஊரின் குளிர் அப்படியே இறங்கியிருந்தது. குளிரில் வாயு சோம்பிப்போகும்; அழுத்தம் வராது. அதனால் குளிர்காலத்தில் மேகசின்களைக் கம்பளிச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்து வைத்துச் சூடேற்றுவாள். யான்ஸே சின்னப் பையனாக இருந்தபோது தன் பங்குக்கு ஒன்றை வாங்கி அணைத்துக்கொண்டு, அசைந்தால் உடைந்துவிடும் என்பதுபோல நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். முட்டை பொரிந்ததா என்று மாமா கேலி செய்வான். இன்று நிரம்பாமல் சீறிய மேகசினை அவள் வெகுநேரம் வயிற்றோடு வைத்திருந்தாள். உள்ளே எதுவும் தங்கவில்லை.

*

ஞாயிறன்று முகாமுக்குப் போகும் சாலை நெடுக ஸ்கூட்டரும் காருமாக இருந்தது. எல்லார் கையிலும் பொரித்த கோழி. சியூயினும் வாங்கியிருந்தாள், உள்ளங்கையைவிடப் பெரிய துண்டு, மிளகாய்த்தூள் இல்லாமல். பப்பாளிப் பால் ஒன்று. வழியில் ஒரு கிழவர் தள்ளுவண்டியில் ஸ்ட்ராபெரி விற்றுக்கொண்டிருந்தார். அதிலும் ஒரு பெட்டி. கைக்குட்டையில் சுற்றிய பித்தளைக் குழாய் மேலங்கியின் உள்பையில் இருந்தது. முழுத் துப்பாக்கியை வாசலிலேயே பிடுங்கிவிடுவார்கள் என்று குழாயை மட்டும் எடுத்து வந்திருந்தாள்.

பேருந்தில் வரும்போது ஒன்று நினைவு வந்தது. யான்ஸேக்குப் பத்து வயதிருக்கும். சுட்டுப் பார்க்கக் கொண்டுவந்த வாயுக் கைத்துப்பாக்கி ஒன்றை, கழற்றாமலேயே, முகத்துக்கு நேராகத் திருப்பிக் குழாய்க்குள் பார்த்தான். கையிலிருந்த எண்ணெய்க் குப்பியாலேயே அவள் அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். அவனை அவள் அடித்தது அந்த ஒரு தடவைதான். அழக்கூட இல்லை, அடித்தது யார் என்று புரியாததுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவனுக்குச் சொல்ல வேண்டி வந்ததில்லை. மேகசின், போல்ட், வெளிச்சம். அந்த வரிசை அவன் விரல்களுக்குள் போய்விட்டது. அவனைவிட ஒழுங்காகச் செய்ய ஆளில்லை என்று வாடிக்கையாளர்களிடமே சொல்லியிருக்கிறாள். எண்ணெய்க் குப்பியைப் பற்றி மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

வாசலில் பையைச் சோதித்த சிப்பாய் குழாயை விரலால் தூக்கிப் பார்த்தான்.

"இது என்ன ஆன்ட்டி?"

"குழாய்."

"அது தெரியுது. எதோட குழாய்?"

"துப்பாக்கியோட."

அவன் கையிலிருந்து குழாய் நழுவப் பார்த்தது. பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண் தன் கோழிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி தள்ளிப் போனாள். சியூயினுக்குக் காதெல்லாம் சூடாகியது. நல்லவேளையாக ஜுவோவே வந்துவிட்டார். கண்ணாடி போட்டவர்; மீசை இன்னும் சரியாக முளைக்காத மாதிரி முகம். "இவங்கதான், இவங்கதான், விடு" என்று சொல்லி அவளைத் தன் அறைக்கு அழைத்துப் போனார்.

யான்ஸே அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மழித்த தலையில் காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. கைகள் தட்டு கழுவிச் சிவந்து வெடித்திருந்தன. அவளைப் பார்த்து எழுந்து நின்றான். அவனுக்குப் பின்னால் ஒரு குண்டுப் பையன் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கி வழிந்துகொண்டிருந்தான். கூடவே இருக்கும் பையன் அவன்தான் போலிருந்தது.

சியூயின் கைக்குட்டையைப் பிரித்தாள். பேசுவதற்குப் பதில் கையில் ஒரு பொருள் இருந்தால் அவளுக்குப் பேச்சு வரும். ரப்பரைக் காட்டினாள். மேட்டைக் காட்டினாள். அது சாய்ந்தால் குண்டு எப்படி வளையும் என்று விரலால் காற்றில் வரைந்து காட்டினாள். குழாயை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, "பாருங்க சார்," என்றாள்.

ஜுவோ கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குழாயில் கண் வைத்தார். ஒரு கண்ணை மூட முடியாமல் மற்றதையும் சேர்த்து மூடினார். பிறகு கையால் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"அட. தெரியுது. நிலா மாதிரி இருக்கே. மேல ஒரு புள்ளி."

"அதான் சார்."

"துடைக்கும்போது நாங்களும் பாப்போம், அழுக்கு இருக்கான்னு. ஆனா அது வந்து..." என்று அவர் தொடங்கியபோது வாசலில் வேறொரு குடும்பம் வந்து நின்றது. அவர் அவர்களுக்குத் தலையசைத்துவிட்டு யான்ஸே பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல? அம்மாவப் பேருந்துல அலைய விட்டியே."

"பழக்கம் சார்," என்றான் யான்ஸே. "சொல்லத் தோணல."

"சரி. நாளையிலேருந்து உன் பிரிவோட சேந்துக்கோ. துப்பாக்கிய வாங்கிக்கோ. அடுத்த வாரம் நிஜத் தோட்டாவுல சுடப் போறோம், நீ மட்டும் தட்டு கழுவிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? அம்மா இவ்வளவு கத்துக் குடுத்திருக்காங்க, முதல் ஆளா வருவே பாரு." பிறகு குண்டுப் பையனைப் பார்த்தார். "நீ போய்த் தூங்கு. பாவம்."

குண்டுப் பையன் தலைக்குமேல் கைகளைக் கூப்பி யான்ஸேயின் அம்மாவைக் கும்பிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். சியூயினும் சிரித்தாள். அறையைவிட்டு வெளியே வந்தபோது, தன் வாழ்க்கையில் அந்நியர் ஒருவரிடம் இவ்வளவு நேரம் பேசி, பேசியது பலித்தது இதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்குள் சின்னதாக ஒரு பெருமை இருந்தது.

*

புல்தரையில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்திருந்தார்கள். இவர்கள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். பக்கத்துப் பாயில் ஒரு பாட்டி பேரனுக்கு ஊட்டியே விட்டுக்கொண்டிருக்க, அவன் நண்பர்கள் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தான். யான்ஸே கோழியின் மேல்தோலை உரித்து ஓரமாக வைத்தான். உரித்த பிறகு கோழியையும் வைத்துவிட்டான். ஸ்ட்ராபெரிப் பெட்டியைத் திறந்ததும் அவன் முகத்தில் ஏதோ போய் வந்தது.

"இதையா வாங்கின?"

"ஏன், உனக்குப் பிடிக்குமே."

"பிடிக்கும். இங்க என் பேரே இதுதான்."

தொட்டால் கன்றிப்போகும் பிள்ளைகள் என்று பெரியவர்கள் இந்தத் தலைமுறைக்கே வைத்த பெயர் அது. எல்லாரும் எல்லாரையும் சொல்வார்கள். சியூயின் பெட்டியை மூடிப் பைக்குள் வைத்தாள். "சொல்றவனக் காட்டு, உங்க மாமாவ அனுப்பறேன். வெத்தல எச்சியத் துப்பியே கொன்னுடுவான்."

அவன் உதடு லேசாக விரிந்தது. "மாமா எப்படி இருக்காரு? ஸ்க்ரூடிரைவர் உபயோகப்படுதா?"

"நீ வந்ததும் பிடுங்கிக்கோ. துருப்பிடிக்க வெச்சிடுவான்."

"அவரே வெச்சுக்கட்டும்."

கை காட்டு என்று அவன் கைகளை இழுத்துப் பார்த்தாள். விரல் மூட்டுகளில் தோல் பிளந்திருந்தது. சில்லிட்டிருந்தன. யோசிக்காமல் அவற்றைத் தன் மேலங்கிக்குள் இழுத்து வயிற்றோடு வைத்துக்கொண்டாள், மேகசினை வைப்பதுபோல. அவன் கூச்சப்படுவான் என்று நினைத்தாள். கூச்சப்படவில்லை. யாருடைய கைகளோ என்பதுபோல விட்டுவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சொன்னது நல்லா இருந்துச்சும்மா," என்றான்.

"எது?"

"அங்க. அந்த ஆளுகிட்ட."

"நான் என்ன இல்லாததயா சொன்னேன்?" பெருமை இன்னும் மிச்சமிருந்ததால் அவளுக்கு அவனை வீட்டுப் பெயர் சொல்லிக் கேலி செய்யத் தோன்றியது. "ஆனா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன், ஆஸே. அசல் துப்பாக்கியில ரப்பரே கிடையாதே. மேடும் கிடையாது. அப்படி என்னத்தடா அவ்வளவு நேரம் பாத்த?"

"ஒண்ணும் இல்லம்மா. உள்ள ஒரே இருட்டு."

"இருட்டா? லைட்டப் பாத்துப் பிடிக்க வேண்டாமா, மடையா. இவ்வளவு நாள்..."

பேச்சு அங்கே நின்றது.

குழாய்க்குள் இருட்டு இருக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. பின்வாயில் போல்ட் இருக்க வேண்டும்; கண் குண்டு வெளிவரும் வாயில். போல்ட்டை உருவிவிட்டால், எந்தப் பக்கம் திருப்பினாலும், மங்கலாகவாவது, சுவரின் நிறமாவது தெரியும். அவளுக்கு அது மூச்சுவிடுவது மாதிரித் தெரிந்த விஷயம். கழற்றிப் போட்ட குழாயில் பார்த்திருந்தால் கூட இருந்த பையன் ஏன் பயந்து ஓடிப்போய்ச் சொல்கிறான்? துடைக்கும்போது எல்லாரும் பார்ப்பதுதானே அது, அதிகாரியே சொன்னாரே? அவர் "ஆனா" என்று ஆரம்பித்ததும் இதைத்தான். அவர் தொலைபேசியில் சொன்னது முழுத் துப்பாக்கியை. அவள் புரிந்துகொண்டது வெறுங்குழாயை. இருவருக்குமே அவரவர் குழாய் கண்ணுக்கு முன்னால் அவ்வளவு தெளிவாக இருந்ததால் இன்னொருவரிடம் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

மேலங்கிக்குள் அவன் கைகள் இன்னும் சூடேறவில்லை.

"போல்ட் எங்க இருந்துச்சு, ஆஸே?"

அவன் புல்லைப் பார்த்தான்.

"ஆஸே."

"உள்ளதான். எல்லாம் துடைச்சு, பூட்டி, ஒப்படைக்க உக்காந்திருந்தோம்."

"தோட்டா..."

"இல்ல. அங்க ஏது தோட்டா? சும்மா பாத்தேன்." கைகளை மெல்ல உருவிக்கொண்டான். "அங்க எப்பவும் ஒரே சத்தம்மா. கத்திட்டே இருப்பாங்க. அதுக்குள்ள மட்டும் சத்தமே இல்லாத மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான்."

ஸ்க்ரூடிரைவர் பெட்டி. பசை வைக்காமல் விட்ட ரப்பர். உட்கார்ந்து ஒவ்வொன்றாக, மிச்சமில்லாமல் காலி செய்த மேகசின்கள். நாளைக்கு எடுக்கப் போகிறவன் கொஞ்சம் வாயு விட்டு வைப்பான். தன் கண்ணில் பட்டதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மேசைமேல் எடுத்து வைப்பதுபோல இருந்தது. மயிரிழைச் சாய்வைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கிறவள் என்று அவளைத் தேடி மூன்று ஊர் தள்ளி இருந்தெல்லாம் வருகிறார்கள்.

"எதனாலடா?"

"தெரியல."

"யாராச்சும் அடிக்கறாங்களா?"

"இல்ல. எல்லாரும் நல்லவங்கதான். ஜுவோ சார் நல்லவருதான்." சற்று யோசித்தான். "முழிக்கும்போதே களைப்பா இருக்கும்மா. வீட்லயும் அப்படித்தான் இருந்துச்சு. இங்க வந்தா மாறும்னு நினைச்சேன்."

"வா. அவர்கிட்டப் போலாம்."

"வேண்டாம்."

"ஆஸே, அடுத்த வாரம் நிஜத் தோட்டா."

"தெரியும். ஒண்ணும் பண்ண மாட்டேன். சொல்லிடாதம்மா." முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தான். "ஒரு வாரமா கக்கூஸுக்குக் கூட ஒருத்தன் கூட வந்தான். கதவத் தொறந்து வெச்சுட்டு உக்காரணும். அவன் அந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டுப் பாட்டு முணுமுணுப்பான், எனக்குக் கூச்சமா இருக்கக் கூடாதுன்னு. மறுபடியும் அதெல்லாம் என்னால முடியாது. நீ அங்க சொல்லும்போது எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? நானே நம்பிட்டேன். ஆமா, பழக்கம்தான்னு."

அவள் அதிகாரியின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"சொன்னேன்னா, இனிமே உன்கிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன். இப்ப சொன்னேன்ல, அதக்கூட."

கொம்பு ஊதியது. புல்தரை முழுவதும் மழித்த தலைகள் எழுந்தன. பாய்கள் உதறப்பட்டன. பக்கத்துப் பாட்டி கடைசிக் கவளத்தை வாயில் திணித்துவிட்டாள். யான்ஸே எழுந்து கால்சட்டையிலிருந்த புல்லைத் தட்டினான். பப்பாளிப் பாலை ஒரே மூச்சில் குடித்தான், அவளுக்காகக் குடிப்பது தெரியும்படி. காலி டப்பாவை அவள் கையில் கொடுத்தான். "குளிருது, சீக்கிரம் போ" என்றான். பிறகு மற்றவர்களோடு ஓடினான். முதுகுப் பக்கமாகப் பார்த்தால் எல்லாரும் ஒன்றுபோல இருந்தார்கள். எந்தத் தலை அவனுடையது என்று அந்தப் பெரிய காதுகளை வைத்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

பெற்றோர் கூட்டம் வாசலை நோக்கி நகர்ந்தது. அவளும் அதோடு சேர்ந்து கொஞ்ச தூரம் நடந்தாள். பேருந்து நிற்கும் இடம் தெரிந்தது. அவன் சொன்னபடி ஒன்றும் செய்யாமலிருக்கலாம். நம்பிக்கொண்டே இருந்தால் அது உண்மையாகவும் ஆகலாம். ஒரு பொய் ஒருவனுக்கு நல்லதாக இருந்தது என்று அவனே சொல்கிறான். அவள் இன்னொரு தடவை போய்ப் பேசினால் அந்தக் கதவு திறந்த கழிவறை. அந்தப் பெயர். அப்புறம் அவன் அவளிடம் பேசாத வருடங்கள். அவர்கள் வீட்டில் ஏற்கெனவே பேச்சு அதிகமில்லை. அதையும் எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பேருந்தில் ஏறுவதற்காகப் பையைத் தோளில் மாற்றியபோது உள்பையிலிருந்த குழாய் அவள் விலாவில் இடித்தது.

திரும்பினாள். எதிரே வருகிறவர்கள் மேல் மோதிக்கொண்டு நடந்தாள். ஒரு பெண் "பாத்துப் போங்களேன்" என்றாள். மைதானத்தின் ஓரத்தில், வரிசையாக நின்ற பையன்களுக்கு முன்னால், ஜுவோ யாரோ ஒரு தகப்பனாரோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தார். தூரத்திலேயே அவளைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. கையைக் குழாய்போல மடக்கி ஒரு கண்ணில் வைத்து அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன லியாவ் அம்மா, எதையாச்சும் மறந்துட்டீங்களா?"

வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்த சொற்களில் ஒன்றுகூட வாயில் இல்லை. வரிசையில் இரண்டாவது சாரியில் அவன் நிற்கிறான் என்பது அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது. அவள் குழாயை வெளியே எடுத்தாள். கைக்குட்டை கீழே விழுந்தது. குழாயின் ஒரு முனையை அவர் பக்கம் நீட்டினாள்.

"மறுபடியும் ஒரு தடவ பாருங்க சார்."

அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தார். அவள் மறுமுனையைத் தன் கட்டைவிரலால் அடைத்தாள், போல்ட் அடைப்பதுபோல.

"ஒண்ணும் தெரியலயே," என்றார். "இருட்டா இருக்கு."

"ஆமா சார்," என்றாள் சியூயின்.

அவர் கண்ணை எடுக்கவில்லை. குளிர்ந்த பித்தளை விளிம்பு விரலில் வட்டமாக வெட்டுவதுபோல வலித்தது. அவள் இன்னும் இறுக்கி அழுத்தினாள்.